எண்ணெய் ஒப்பந்தத்தைப் படித்து, வயலில் உற்பத்தி எப்படிப் போகும் என்று கணிப்பது: முழுமையான வழிகாட்டி

எண்ணெய் ஒப்பந்தங்களுக்கு எக்செல் மாதிரி போடும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் முதலில் போடுகிறார்கள்: எண்ணெய் வயலின் ஆயுள் முழுவதும் சேர்த்து அரசுக்கு எவ்வளவு, கம்பெனிக்கு எவ்வளவு. அந்த எண் பத்திரிகைச் செய்திக்குப் போதும். கிணறு தோண்டப்படுமா, பழுதான பம்ப் மாற்றப்படுமா, வயல் பத்து வருடம் முன்னதாக மூடப்படுமா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது வேறொரு எண். அடுத்து செலவழிக்கப்போகும் ஒரு டாலரில் கம்பெனியின் சொந்தப் பணம் எவ்வளவு, அடுத்து எடுக்கப்போகும் ஒரு பீப்பாயில் கம்பெனிக்கு மிஞ்சுவது எவ்வளவு? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டையும் கண்டுபிடிக்கத்தான். உதாரணங்கள் பெரும்பாலும் இந்திய ஒப்பந்தங்களிலிருந்து. கட்டண ஒப்பந்தத்துக்கு மட்டும் ஈராக்கின் ருமைலா வயலை எடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தத்தின் முழு உரை வேண்டும். சுருக்கக் குறிப்பை வைத்து வேலை செய்யாதீர்கள். கையெழுத்தான பிரதி கிடைக்காவிட்டால் அந்த ஏலச் சுற்றின் மாதிரி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னிணைப்பாக வரும் கணக்கு நடைமுறைப் பகுதியை விட்டுவிடாதீர்கள். எந்தச் செலவு மீட்கத்தக்கது (கம்பெனி வருவாயிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்), எது இல்லை என்பது அங்கேதான் இருக்கும்.

அப்புறம், வருடவாரியான உற்பத்திக் கணிப்பு. மூலதனச் செலவும் இயக்கச் செலவும் தனித்தனியாக. ராயல்டி (எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் அரசுக்குப் போகும் பங்கு), செஸ் (எண்ணெய் மேல் போடும் தனி வரி), வருமான வரி விகிதங்கள், அவை மாறிய தேதிகளோடு. தேதி முக்கியம். 2012ல் இருந்த விகிதத்தை 2016க்குப் போட்டு முழு மாதிரியையும் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். ‘உற்பத்தித் திறன்’ என்று நீங்கள் சொல்வது எதை? நிலத்தடியில் இருக்கும் எண்ணெயில் எத்தனை சதவீதம் மேலே வருகிறது என்பதா, ஒரு பீப்பாயை எடுக்க ஆகும் செலவா, கண்டுபிடிப்பிலிருந்து முதல் எண்ணெய் வரை ஆகும் காலமா? ஒரே விதி ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும். மூன்றையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பினால் கடைசியில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

1. எந்த முடிவைப் பற்றிய கணக்கு என்று எழுதி வையுங்கள்

எக்செல் திறப்பதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள்: “நான்காவது வருடத்தில் இன்னொரு கிணறு தோண்டுவதா?” அல்லது “பம்ப் நின்றுபோன கிணற்றில் ஒர்க்ஓவர் (ரிக் வைத்துச் செய்யும் பழுதுபார்ப்பு) செய்வதா?” அல்லது “வயலை எப்போது மூடுவது?”

ஒப்பந்தம் இந்த மூன்றையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. புதுக் கிணற்றை மூலதனச் செலவு விதி ஆளுகிறது. ஒர்க்ஓவரை ஒப்புதல் விதி ஆளுகிறது. வயலை மூடும் தேதியை மொத்த வருவாயில் அரசு எடுக்கும் பங்கு ஆளுகிறது. முடிவைக் குறிப்பிடாமல் போட்ட கணக்கில் இவை மூன்றும் கரைந்து ஒரே சராசரியாகிவிடும்.

முடிவு யாருடையது என்பதையும் எழுதுங்கள். பணம் கட்டுகிறவரும் முடிவெடுக்கிறவரும் வேறு வேறாக இருந்தால் கணக்கு இரண்டு. ராஜஸ்தான் பார்மர் தொகுதியில் (தொகுதி என்பது எண்ணெய் தேட அரசு பிரித்துக் கொடுத்த பகுதி) ஓ.என்.ஜி.சி.க்கு 30% பங்குதான். ஆனால் உரிமம் அதன் பெயரில் இருந்ததால் ராயல்டி முழுவதையும் அதுவே கட்டிவந்தது. ஒரே பீப்பாய், இரண்டு பங்காளிகளுக்கு இரண்டு விதமான லாபம். 2011ல் வேதாந்தா, இன்னொரு பங்காளியான கெய்ர்ன் இந்தியாவை வாங்க அனுமதி கேட்டபோது, ராயல்டியையும் மீட்கத்தக்க செலவாகச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது அதனால்தான்.

2. ஒரு பீப்பாயின் பணம் போகும் வழியை வரிசைப்படுத்துங்கள்

வழக்கமான வரிசை: முதலில் ராயல்டி, செஸ் இருந்தால் அது, அப்புறம் செலவு மீட்பு, மிச்சத்தில் லாபப் பங்கு, கடைசியில் வருமான வரி. ஒவ்வொன்றும் எந்தத் தொகையின் மேல் விதிக்கப்படுகிறது என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். மொத்த விற்பனையின் மேலா, கிணற்றடி மதிப்பின் (விற்பனை விலையில் கொண்டுசெல்லும் செலவு போன்றவை கழித்தது) மேலா, ராயல்டி கழித்த வருவாயின் மேலா? புதியவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த இடத்தில்தான்.

விகிதமாக வரும் கட்டணத்தையும் நிலையான தொகையாக வரும் கட்டணத்தையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள். ஏன் என்று செஸ் கதை சொல்லும். 2012 மார்ச்சிலிருந்து கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 4,500 ரூபாய் செஸ். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 7.3 பீப்பாய் என்று வைத்தால், பீப்பாய்க்கு சுமார் 616 ரூபாய். விலை 100 டாலருக்கு மேல் இருந்தபோது அது பத்தில் ஒரு பங்கு. 2016 தொடக்கத்தில் விலை 30 டாலர் அருகே வந்தபோது, அதே 616 ரூபாய் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. கிணறு மாறவில்லை, எண்ணெய் மாறவில்லை. நஷ்டமாக மாறியது கணக்கு மட்டும்தான். 2016 பட்ஜெட்டில் அதை 20% என்று விலையோடு கட்டினார்கள்.

ஆகவே நிலையான தொகை எங்கே இருந்தாலும் அதைக் குறைந்த விலையில் சோதியுங்கள். விகிதத்தை அதிக விலையில் சோதியுங்கள். இரண்டும் இடறும் இடம் வேறு.

3. செலவு மீட்பின் மூன்று வேலிகளைக் கண்டுபிடியுங்கள்

முதல் வேலி உச்சவரம்பு: ஒரு வருடத்தில் வருவாயின் எத்தனை சதவீதம் வரை செலவைத் திரும்ப எடுக்கலாம்? வரம்பு குறைவாக இருந்தால் செலவு திரும்பி வர வருடங்கள் ஆகும். காத்திருக்கும் பணத்துக்கு வட்டி உண்டு. அதை மாதிரியில் போடாவிட்டால் மீட்பு இலவசம் போலத் தெரியும்.

இரண்டாவது வேலி எல்லை. இந்திய உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்களில் (செலவை மீட்ட பிறகு மிஞ்சும் லாபத்தை அரசும் கம்பெனியும் பகிரும் வகை) ஒரு தொகுதியின் செலவை அந்தத் தொகுதியின் வருவாயிலிருந்துதான் மீட்க முடியும். ஆகவே ஏற்கெனவே எண்ணெய் தரும் தொகுதிக்குள் தோண்டும் கிணறும், வெறும் தொகுதியில் தோண்டும் கிணறும் கம்பெனிக்கு ஒரே விலை அல்ல. முதலாவது தவறினால் அரசும் சேர்ந்து இழக்கிறது. இரண்டாவது தவறினால் கம்பெனி மட்டும் இழக்கிறது. பழைய தொகுதிகளின் ஓரங்களில் கிணறுகள் குவிவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது வேலி மீட்க முடியாத செலவுகளின் பட்டியல். இதை நிதானமாகப் படியுங்கள்.

4. முதலீட்டு மடங்கின் படிக்கட்டில் நின்று பாருங்கள்

இந்த வழிகாட்டியிலேயே அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான்.

1999ல் தொடங்கிய புதிய ஆய்வு உரிமக் கொள்கையின் ஒப்பந்தங்களில் அரசின் லாபப் பங்கு, முதலீட்டு மடங்கைப் பொறுத்து ஏறும். கம்பெனியின் மொத்த நிகர வருமானத்தை, ஆய்வுக்கும் வளர்ச்சிக்கும் போட்ட மொத்த முதலீட்டால் வகுத்தால் வருவது முதலீட்டு மடங்கு. கிருஷ்ணா–கோதாவரி டி6 தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மடங்கு 1.5க்குக் கீழே அரசுக்கு 10%, 1.5 முதல் 2 வரை 16%. 2 முதல் 2.5 வரை 28%, 2.5ஐத் தாண்டினால் 85%.

கடைசிப் படியின் உயரத்தைப் பாருங்கள். 28 இலிருந்து ஒரேயடியாக 85.

இப்போது, செலவில் 100 டாலர் மிச்சம் பிடித்தால் கம்பெனிக்கு என்ன கிடைக்கும் என்று போடுங்கள். கணக்குக்காக வருமான வரி 35% என்று வைத்துக்கொள்வோம். 28% படியில்: லாபப் பங்கு 72 டாலர், வரி போக 46.80. அதே 100 டாலர் 85% படியில்: 15 டாலர், வரி போக 9.75. திருப்பிச் சொன்னால், அந்தப் படியில் நிற்கும் கம்பெனி 100 டாலர் வீணாகச் செலவழித்தால், செலவு மீட்கப்பட்ட பிறகு அதன் சொந்தப் பையிலிருந்து போவது 9.75தான். பத்தில் ஒரு பங்கு விலைக்குப் பொருள் வாங்குகிறவரிடம் சிக்கனத்தை எதிர்பார்க்க முடியுமா?

அடுத்து படியின் விளிம்பு. இதற்கு ஒரு சிறு கணக்கு; எண்கள் உதாரணத்துக்கு, எல்லாம் மில்லியன் டாலர். இதுவரை முதலீடு 1,000. இந்த வருடம் முடியும்போது மொத்த நிகர வருமானம் 2,550 ஆகப்போகிறது. மடங்கு 2.55. அடுத்த வருடம் 85% படி. இந்த வருடமே 150க்கு ஒரு கிணறு தோண்டினால்? முதலீடு 1,150. தோண்டிய செலவு இதே வருடம் மீட்கப்படுகிறது என்று வைத்தால், 150 செலவு மீட்பாக வரும். ஆனால் அந்த 150இல் கிடைத்திருக்கும் 72% லாபப் பங்கு, அதாவது 108, போய்விடும். வருமானம் நிகரமாக 42 கூடி 2,592. மடங்கு 2.25. கம்பெனி 28% படியிலேயே நிற்கிறது.

அடுத்த வருடம் பகிர வேண்டிய லாபம் 400 என்றால், 28% படியில் கம்பெனிக்கு 288; 85% படியில் 60. வித்தியாசம் 228. இழந்தது 108. அந்தக் கிணற்றிலிருந்து ஒரு சொட்டுக்கூட வராவிட்டாலும் வரிக்கு முன் 120 லாபம்.

இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது ஃபார்முலா தவறு என்று நினைத்து மூன்று முறை சரிபார்த்தேன். தவறில்லை. படி என்றைக்காவது வரத்தான் செய்யும். ஆனால் ஒரு வருடம் தள்ளிப்போவதற்கே இவ்வளவு மதிப்பு. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2011 அறிக்கை சுட்டியதும் இந்த அமைப்பைத்தான்: மூலதனச் செலவைக் கூட்டவும் முன்னதாகவே போடவும் இது தூண்டுகிறது என்று. ஒரு குறிப்பிட்ட கம்பெனி அப்படிச் செய்ததா என்பது வேறு கேள்வி. அதற்கு நிலத்தடித் தரவு வேண்டும். ஒப்பந்தத்தைப் படிப்பவரால் சொல்ல முடிவது தூண்டுதல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும்தான். இந்த எல்லையை மீறாதீர்கள்.

இந்தக் கணக்கில் புதியவர்கள் தவறுவது இரண்டு இடத்தில். ஒன்று, இந்த வருட மடங்கை வைத்து இந்த வருடப் பங்கைக் கணக்கிடுவது. ஒப்பந்தப்படி முந்தைய வருட முடிவில் இருந்த மடங்குதான் இந்த வருடப் பங்கை முடிவு செய்கிறது. அதைக் கவனிக்காமல் போட்டால் எக்செல்லில் சுழற்சிப் பிழை வரும். அதை மறைக்க ‘தொடர் மறுகணக்கீடு’ (iterative calculation) பெட்டியில் டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் திரையில் மடங்கு 1.98க்கும் 2.03க்கும் இடையே துடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பு கணினிக் கோளாறு அல்ல. ஒப்பந்தத்தைத் தவறாகப் படித்ததன் அடையாளம்.

இரண்டாவது தவறு, மேலே 42ஐக் கூட்டியதை மறப்பது. முதலீடு கூடும்போது அதன் மீட்பும் வருமானத்தில் சேரும். அதை விட்டால் மடங்கு உண்மையைவிட வேகமாக விழுவதாகத் தெரியும்.

5. வருவாய்ப் பங்கு என்றால், அடுத்த டாலரின் பங்கைத் தனியாகப் போடுங்கள்

2012 டிசம்பரில் அரசு அமைத்த ரங்கராஜன் குழு, செலவுக் கணக்கே பார்க்காமல் வருவாயிலேயே பங்கு எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2016 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற ஹெல்ப் (HELP) என்ற புது ஆய்வு, உரிமக் கொள்கை அந்த முறைக்கு மாறியது. செலவைத் தணிக்கை செய்ய வேண்டாம், படிக்கட்டு இல்லை. மிச்சம் பிடித்த 100 டாலரில் வரி போக 65 டாலர் கம்பெனிக்கே. செலவுச் சிக்கனத்துக்கு இதைவிட நேரான தூண்டுதல் கிடையாது.

ஆனால் பங்கு எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். ஏலத்தில் இரண்டு விகிதம் கேட்கிறார்கள்: ஒரு நாள் வருவாய் 50,000 டாலர் அல்லது அதற்குக் கீழே இருக்கும்போது ஒன்று, 70 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் இருக்கும்போது ஒன்று. இடைப்பட்ட வருவாய்க்கு நேர்கோட்டில் விகிதம் கணக்கிடப்படும். அந்த விகிதம் முழு வருவாய்க்கும் பொருந்தும்.

உதாரணமாக கீழ்ப்புள்ளியில் 10%, மேல்புள்ளியில் 50% என்று வைப்போம். நாள் வருவாய் 35.25 லட்சம் டாலர் என்றால் சரியாக நடுவில், 30%. அரசுக்கு 10.575 லட்சம். இப்போது உற்பத்தியைக் கொஞ்சம் கூட்டி நாளுக்கு இன்னொரு லட்சம் டாலர் கொண்டுவந்தால் விகிதம் 30.58% ஆகும், அரசின் பங்கு 11.08 லட்சம் ஆகும். கூடுதலாக வந்த 1 லட்சத்தில் சுமார் 51,000 டாலர் அரசுக்கு. ‘30% ஒப்பந்தம்’ என்று பேசிக்கொண்டிருக்கிறோம். புதுக் கிணறு தோண்டுகிறவருக்கு அது 51% ஒப்பந்தம்.

சராசரிக்கும் அடுத்த டாலருக்கும் உள்ள இந்த இடைவெளியைப் பிடிக்க எளிய வழி: மாதிரியை இரண்டு முறை ஓட்டுங்கள், ஒன்று அந்தக் கிணறு இல்லாமல், ஒன்று கிணற்றோடு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். தனி ஃபார்முலா எழுதப் போகாதீர்கள், தவறும்.

அடுத்து, வயலின் முதுமையைச் சோதியுங்கள். விலை 70 டாலர், ராயல்டி 12.5%, எடுக்கும் செலவு 45 டாலர். தண்ணீர் அதிகம் வரும் பழைய கிணற்றில் இது அரிதான செலவு அல்ல. ராயல்டி 8.75 போக 61.25.

வருவாய்ப் பங்கு 30% என்றால் அரசுக்கு இன்னும் 18.38, மிச்சம் 42.87. செலவு 45. நஷ்டம். கம்பெனி கிணற்றை மூடும். லாபப் பங்கு 60% உள்ள உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தில் என்றால் 61.25இலிருந்து 45 கழிய 16.25, அரசுக்கு 9.75, கம்பெனிக்கு 6.50, வரி போக 4.23. கிணறு ஓடும்.

70 டாலர் எண்ணெயை 45 டாலரில் எடுக்க முடிகிறது. நாட்டுக்கு 25 டாலர் லாபம். ஒரு ஒப்பந்தம் அதை எடுக்கிறது, இன்னொன்று மண்ணுக்குள்ளேயே விடுகிறது. அரசுக்கு அதிகப் பங்கு தரும் ஒப்பந்தத்தில்தான் எண்ணெய் மேலே வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆகவே ‘எது சிறந்தது’ என்று ஒரே வரியில் எழுத வேண்டாம். செலவுச் சிக்கனம் வேண்டுமானால் வருவாய்ப் பங்கு. கடைசி பீப்பாய் வரை எடுக்க வேண்டுமானால் லாபப் பங்கு. என் கருத்தில், ஆபத்து அதிகமான படுகைகளுக்கும் பழைய வயல்களுக்கும் வருவாய்ப் பங்கு பொருந்தாது. 2019ல் அரசே, இன்னும் வணிக உற்பத்தி தொடங்காத இரண்டாம், மூன்றாம் வகைப் படுகைகளில், எதிர்பாராத பெருலாபம் வந்தால் தவிர வருவாய்ப் பங்கு கேட்பதில்லை என்று மாற்றியது. நம் காவிரிப் படுகை முதல் வகை. அங்கே பங்கு தொடர்கிறது.

6. கட்டண ஒப்பந்தம் என்றால் பீப்பாய்க்கு மிஞ்சும் காசை எண்ணுங்கள்

சில நாடுகளில் கம்பெனிக்கு எண்ணெயில் பங்கே இல்லை. பீப்பாய்க்கு இவ்வளவு என்று கூலி. 2009 ஜூன் 30 ஏலத்தில் ஈராக்கின் ருமைலா வயலை பிரிட்டனின் பி.பி.யும் சீனாவின் சி.என்.பி.சி.யும் பீப்பாய்க்கு 2 டாலர் கட்டணத்தில் எடுத்தன. அப்போது உற்பத்தி நாளுக்கு சுமார் 10.66 லட்சம் பீப்பாய். இலக்கு 28.5 லட்சம்.

இந்த 2 டாலரைப் பிரித்துப் பாருங்கள். அன்றைய ஒப்பந்தத்தில் ஈராக் அரசுப் பங்காளிக்கு 25%: மிச்சம் 1.50. அதில் 35% வரி: 0.975. எண்ணெய் 40 டாலர் விற்றாலும் 120 டாலர் விற்றாலும் இதே 97 சென்ட்தான். விலை ஏறினால் வேகம் கூட்டவோ, கடினமான கிணற்றில் கூடுதல் பொறியியல் போடவோ இந்தக் கட்டணத்தில் தூண்டுதல் இல்லை. கூடவே, மொத்த வருமானம் மொத்தச் செலவைப்போல் எத்தனை மடங்கு என்ற விகிதம் ஏற ஏற கட்டணமும் படிப்படியாகக் குறையும்.

தூண்டுதல் வேறு இரண்டு இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. தொடக்க அளவிலிருந்து உற்பத்தியை 10% கூட்டிய பிறகுதான் செலவும் கட்டணமும் கிடைக்கும். ஆகவே முதல் வேகம் அசுரத்தனமாக இருந்தது. இரண்டாவது, உச்ச உற்பத்தி இலக்கை எட்டாவிட்டால் கட்டணம் அந்த விகிதத்தில் வெட்டப்படும். ஏலத்தில் பெரிய இலக்கைச் சொன்னால் வயல் கிடைக்கும் வாய்ப்புக் கூடும் என்பதால் இலக்குகள் ஊதிப்போயின. அந்த அளவு எண்ணெய் எடுக்க, அழுத்தம் குறையாமல் இருக்க நிலத்தடிக்குள் அதைவிட அதிகமாகத் தண்ணீர் செலுத்த வேண்டும். தெற்கு ஈராக் வயல்களுக்கெல்லாம் பொதுவாகத் திட்டமிட்ட கடல்நீர்த் திட்டம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2014ல் ருமைலாவின் இலக்கு 21 லட்சமாகக் குறைக்கப்பட்டது, அரசுப் பங்காளியின் பங்கு 6% ஆனது, காலமும் ஐந்து வருடம் நீண்டது.

இலக்கு எண்ணைக் கண்டதும் கேட்க வேண்டிய கேள்வி: இதை எட்டத் தேவையான தண்ணீர், மின்சாரம், குழாய், ஏற்றுமதித் துறை யார் கையில்? ஒப்பந்தக்காரர் கையில் இல்லாததை ஒப்பந்தக்காரரின் இலக்காக வைத்திருந்தால், அந்த விதி உற்பத்தியைக் கூட்டாது, சச்சரவைத்தான் கூட்டும்.

விலை விழும்போது நடப்பதையும் ஓட்டிப் பாருங்கள். செலவு டாலரில், திருப்பித் தருவது எண்ணெயில் என்றால், விலை பாதியானதும் அதே செலவுக்கு இரண்டு மடங்கு பீப்பாய் போகும். 2015ல் ஈராக் கம்பெனிகளிடம் செலவைக் குறைக்கச் சொன்னது இதனால்தான். செலவு குறைந்தால் கிணறு குறையும்.

7. மிச்சமிருக்கும் வருடங்களை எண்ணுங்கள்

சதவீதங்களில் மூழ்கி, ஒப்பந்தம் முடியும் தேதியை மறந்துவிடுகிறார்கள். நிலத்தடி எண்ணெயில் எத்தனை சதவீதம் மேலே வரும் என்பதை ஆளுவது பல சமயம் அந்தத் தேதிதான்.

பார்மர் தொகுதியின் ஒப்பந்தம் 1995 மே மாதம் கையெழுத்தானது, 25 வருடம். மங்களா வயல் கண்டுபிடிக்கப்பட்டது 2004; முதல் எண்ணெய் 2009 ஆகஸ்ட். அதாவது காலத்தில் பாதிக்கு மேல் போன பிறகு. மெழுகு மிகுந்த எண்ணெய். சூடேற்றப்பட்ட குழாயில்தான் ஓடும். தண்ணீரை மட்டும் செலுத்தினால், நீர்த்த தண்ணீர் கெட்டியான எண்ணெயை முந்திக்கொண்டு ஓடிவிடும். பாலிமர் கலந்து தண்ணீரைத் தடிப்பாக்கினால் அது எண்ணெயைப் பின்னாலிருந்து தள்ளும். அங்கே அது நல்ல பலன் தந்தது.

ஆனால் பாலிமரின் பணக் கணக்கு இப்படி: செலவு முதல் நாளிலிருந்து, கூடுதல் எண்ணெய் சில வருடம் கழித்து, நீண்ட வாலாக. ஒப்பந்தம் முடிய ஐந்தே வருடம் இருந்தால் அந்த வால் கம்பெனிக்கு இல்லை. 2017ல் வந்த நீட்டிப்புக் கொள்கை, லாபப் பங்கில் அரசுக்கு 10% கூடுதல் கேட்டது. அதன் மேல் வழக்கு நடந்தது. நீட்டிப்பு ஒப்பந்தம் 2022ல்தான் கையெழுத்தானது. நடுவில் இருந்த வருடங்களில் பெரிய முதலீட்டுக்கு ஒப்புதல் கேட்டுப் போகும் பொறியாளரின் நிலையில் உங்களை வைத்துப் பாருங்கள்.

மாதிரியில் செய்ய வேண்டியது: முதலீட்டை ஒவ்வொரு வருடமாகத் தள்ளி, எந்த வருடத்துக்குப் பிறகு அது ஒப்பந்த முடிவுக்குள் திரும்பி வராது என்று பாருங்கள். அந்த வருடத்தைச் சிவப்பில் குறியுங்கள். நீட்டிப்புப் பேச்சு அதற்கு முன் முடியாவிட்டால், கிணறுகள் ஓடும், முதலீடு நிற்கும்.

8. யார் கையெழுத்துப் போட வேண்டும் என்ற வரைபடம் வரையுங்கள்

இதில் எண்களே இல்லாததால் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். வருடாந்தர வேலைத் திட்டம், பட்ஜெட், வயல் வளர்ச்சித் திட்டத் திருத்தம், குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொள்முதல்: ஒவ்வொன்றுக்கும் யார் ஒப்புதல், எத்தனை நாள், பதில் வராவிட்டால் என்ன என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் பதில் இல்லையென்றால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

நான் வேலை பார்த்த ஒரு வயலில், கிணற்றுக்குள்ளிருந்த மின்பம்ப் எரிந்துபோனது. மாற்றுப் பம்ப் கிடங்கில், மரப்பெட்டியில், நாங்கள் மதியம் சாப்பிடும் இடத்துக்குப் பின்னாலேயே இருந்தது. ஆனால் ஒர்க்ஓவர் ரிக்கின் வாடகை பட்ஜெட் தலைப்பைத் தாண்டியது. திருத்தத்துக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கிணறு 74 நாள் நின்றது. அதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் தவறு செய்யவில்லை. விதி அப்படி.

இதைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டுக் கடலோரத்திலேயே இருக்கிறது. காவிரிப் படுகையின் பிஒய்-3 கடல் வயலில் 2011 ஜூலையில் உற்பத்தி நின்றது. மிதக்கும் உற்பத்தி வசதிக்கான ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்பதில் நான்கு பங்காளிகளுக்குள் உடன்பாடு வரவில்லை. வயல் வருடக்கணக்கில் மூடிக் கிடந்தது. எந்த ராயல்டி விகிதமும் இதை விளக்காது. எல்லோரும் சம்மதித்தால்தான் நகர முடியும் என்ற விதியை ஒப்பந்தத்தில் கண்டால், தகராறு வந்தால் உடைக்கும் வழி அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

மாதிரியில் இதைச் சேர்க்க, ஒப்புதலுக்கு ஆகும் நாட்களைக் கிணறு நிற்கும் நாட்களாகப் போடுங்கள். நாளுக்கு 300 பீப்பாய் தரும் கிணறு 74 நாள் நின்றால் 22,200 பீப்பாய் தள்ளிப்போகிறது. பல சமயம் இது பங்கு விகிதத்தில் 2% கூட்டிக் குறைப்பதைவிடப் பெரிய எண்ணாக வரும்.

9. சோதனை அட்டவணையை ஓட்டுங்கள்

இப்போதுதான் முழு மாதிரியை ஓட்ட வேண்டும். மூன்று விலை: 30, 70, 100 டாலர். படி 1இல் எழுதிய ஒரே ஒரு முடிவு. முடிவோடும் முடிவில்லாமலும் இரண்டு ஓட்டம். வித்தியாசத்தை இரண்டு வரியில் எழுதுங்கள்: நாட்டுக்கு மொத்த லாபம், கம்பெனிக்கு லாபம்.

இரண்டும் நேர்மறை என்றால் ஒப்பந்தம் அந்த முடிவில் குறுக்கே நிற்கவில்லை. நாட்டுக்கு லாபம், கம்பெனிக்கு நஷ்டம் என்றால் எண்ணெய் மண்ணில் தங்கும். படி 5இன் பழைய கிணறு அதுதான். நாட்டுக்கு நஷ்டம், கம்பெனிக்கு லாபம் என்றால் தேவையற்ற கிணறு தோண்டப்படும். படி 4இன் விளிம்பு அதுதான்.

லாபம் நஷ்டமாகக் குறி மாறும் கட்டத்தைக் கண்டதும், எந்த விதி அதை மாற்றியது என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ராயல்டியைச் சுழியமாக்குங்கள், திரும்பப் போடுங்கள், அடுத்து பங்கு, அடுத்து முடிவுத் தேதி. இரண்டு விதிகளை ஒன்றாக அணைக்காதீர்கள், எது காரணம் என்று தெரியாமல் போகும். அறிக்கையில் அந்த விதியின் பிரிவு எண்ணையும், குறி மாறும் விலையையும் எழுதுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்காருகிறவர்களுக்குத் தேவைப்படுவது அந்த இரண்டு எண்களும்தான்.